ஆராய்ந்து தெளிதல்

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், ஓசூர் நகரம் அமைந்துள்ளது. குன்றின்மேல் சந்திரசூடேசுவரர் திருக்கோயில் விளங்கும். குன்றைச் சுற்றி நகரமும், நகரைச் சுற்றித் தொழிற்சாலைகளும், அவற்றிற்கும் அப்பால் ரோசாத் தோட்டங்களும் பரந்து கிடக்கும். முன்னாளில் சேலம் மாவட்டத்தின் ஒதுக்கமான பகுதியாய் இருந்த இவ்வூர், 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய பின்னர் விரைந்து வளர்ந்தது. லாரிகளும், இருசக்கர வண்டிகளும், கைக்கடிகாரங்களும், பொறிகளின் உறுப்புகளும் இங்கே செய்யப்பட்டு நாடெங்கும் செல்கின்றன. 2004-ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-ஆம் ஆண்டு ஓசூர் மாநகராட்சியாக உயர்ந்தது.

இவ்வெல்லைப் பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் நெடுங்காலமாக அண்டை வீட்டாரைப் போலப் பழகி வருகின்றன. அண்மைக்காலத்தில் பீகார், ஒடிசா, சார்க்கண்டு, அசாம், மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரின் மொழிகளும் அவற்றுடன் சேர்ந்துள்ளன. காலை ஷிப்டுக்குச் செல்லும் பேருந்தில் ஐந்தாறு மொழிகள் ஒருங்கே ஒலிக்கும். ஒருவன் கடையும் இரும்பை மற்றொருவன் துளையிடுகின்றான். அவன் துளையிட்டதை வேறொருவன் பூட்டுகின்றான். மூவரும் ஒருவர் மொழியை ஒருவர் முற்றும் அறியார். எனினும் வேலை நடக்கின்றது. அதனை நடத்துவது அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்துள்ள நம்பிக்கையேயாகும்.

பல மொழி பேசுவோர் கூடி வாழும் இடத்தில் அந்நம்பிக்கையே மூலதனம். அதைக் கெடுப்பதற்குப் படையெடுப்பு வேண்டுவதில்லை; ஒரு பொய்ச்செய்தி போதும். இவ்வுண்மையைத் தமிழ்நாடு முழுவதும் 2023-ஆம் ஆண்டில் நேரில் கண்டது.

அவ்வாண்டு பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சுத் தொடக்கத்திலும், தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர், கொல்லப்படுகின்றனர் என்னும் செய்தி கைப்பேசிகளின் வாயிலாகக் காட்டுத்தீப்போல் பரவிற்று. அச்செய்தியோடு சில படங்களும் பரவின. பீகார் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது. அம்மாநில முதலமைச்சர் நிதிஷ் குமார், உண்மையை அறியுமாறு தம் அதிகாரிகளுக்கு ஆணையிட்டார். தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவராக அப்போது இருந்த சைலேந்திர பாபு, பரவிய இரண்டு படங்களைப் பற்றி விளக்கினார். ஒன்று, திருப்பூரில் பீகார்த் தொழிலாளர் இரு குழுவினரிடையே நிகழ்ந்த சண்டை. மற்றொன்று, கோயம்புத்தூரில் உள்ளூர் மக்களிடையே நிகழ்ந்த சண்டை. இரண்டிலும் தமிழர் வடநாட்டவரைத் தாக்கும் செய்தி இல்லை. இராசத்தானில் நிகழ்ந்த கொலை ஒன்றின் படமும் தமிழ்நாட்டில் நிகழ்ந்ததாகவே பரப்பப்பட்டது. காயம்பட்ட தொழிலாளர்போல் ஆட்களை நடிக்கச் செய்து பாட்னா நகரிலேயே ஒரு படம் எடுக்கப்பட்டது என்று பீகார்க் காவல்துறை பின்னர்க் கண்டறிந்தது. அந்நாட்களில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பீகார் இளைஞர் ஒருவர் இறந்த துயரமும் கொலை எனவே பரப்பப்பட்டது; காவல்துறை ஆராய்ந்து, அது கொலை அன்று என்று அறிவித்தது.

பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு தமிழ்நாட்டிற்கு வந்து தொழிலாளரைக் கண்டு பேசிற்று. இரு மாநில முதலமைச்சர்களும் தொலைபேசியில் உரையாடினர். காவல்துறையினர் இந்தி மொழியிலேயே விளக்கம் வெளியிட்டு, உதவி எண்களையும் அறிவித்தனர். அச்சம் சிறிது சிறிதாகத் தணிந்தது. ஆயினும் அதற்கிடையில், தொலைவிலுள்ள சிற்றூர்களில் தாயரும் மனைவியரும் உறக்கமின்றித் தவித்தனர். வேலையை விட்டு ஊர் திரும்பியோரும் பலர். நிகழாத கொலைகள் நிகழ்ந்த துன்பத்தைத் தந்தன.

இப்பொய் எங்ஙனம் இத்தனை வலிமை பெற்றது? கண்ணால் கண்டோம் என்று மக்கள் எண்ணியமையே முதற்காரணம். இதனை விளங்கிக்கொள்ளப் பழந்தமிழ் நூல்கள் வகுத்த அளவைநெறி துணைசெய்யும். அறிவு நமக்கு எவ்வழியால் வருகின்றது என்பதை ஆராய்ந்த முன்னோர், அவ்வழிகளை அளவை என்று வழங்கினர். மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கூறும் பகுதியில் பத்து அளவைகள் எண்ணப்படுகின்றன. அவற்றுள் தலைமையானவை காட்சி, கருத்து, உரை என்னும் மூன்று. பொறிகளால் நேரே அறிவது காட்சி. புகையைக் கண்டு நெருப்பை உணர்வதுபோல், கண்டதைக்கொண்டு காணாததை உய்த்துணர்வது கருத்து. நம்பத்தக்கோர் கூறக்கேட்டு அறிவது உரை.

கைப்பேசியில் வந்த படத்தைக் கண்டவன் தான் பெற்றது காட்சி என்று எண்ணுகின்றான். அவன் கண்ணால் கண்டது யாது? சிலர் ஒருவனை அடிக்கின்றனர் என்பது ஒன்றே. அடிப்போர் யாவர், அடிபடுவோன் யாவன், ஊர் எது, நாள் எது, காரணம் யாது என்பனவற்றுள் ஒன்றையும் அவன் காணவில்லை. அவற்றையெல்லாம் படத்தின் கீழ் எழுதப்பட்ட இரண்டு வரிகளே அவனுக்குக் கூறின. ஆகவே படத்தோடு வரும் செய்தி காட்சிபோல் வேடம் புனைந்த உரையேயாகும். உரை என்று அறிந்தவுடன், 'இதனை உரைத்தவர் யார்? அவர் நம்பத்தக்கவரா?' என்னும் வினா தானே எழும். காட்சி என்று மயங்கியவனுக்கு அவ்வினா எழுவதில்லை. இம்மயக்கத்தை நீக்கிக்கொள்வதே செய்தியை ஆராயும் கல்வியின் முதற்படி.

கருத்தளவையிலும் மக்கள் தவறினர். அந்நாட்களில் வடநாடு செல்லும் தொடர்வண்டிகளில் கூட்டம் நிறைந்திருந்தது உண்மை. அதனைக் கண்டோர், தொழிலாளர் அஞ்சி ஓடுகின்றனர் என்று உய்த்துணர்ந்தனர். ஆனால் அவ்வாண்டு மார்ச்சு 8-ஆம் நாள் ஹோலிப் பண்டிகை. பண்டிகைக்கு ஊர் செல்லும் கூட்டம் ஆண்டுதோறும் இருப்பதே. அஞ்சிச் சென்றோரும் அக்கூட்டத்தில் இருந்தனர். விழாவிற்குச் சென்றோரும் இருந்தனர். ஒரு விளைவிற்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும் என்பதை மறந்தவர்க்குக் கூட்டமே கொலைக்குச் சான்றாயிற்று.

மணிமேகலை எண்ணும் அளவைகளுள் ஐதிகம் என்பதும் ஒன்று. ஒரு மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் வழிவழியாகச் சொல்லிவர, அதனை அவ்வாறே ஏற்றுக்கொள்வதை அந்நூல் இதற்கு எடுத்துக்காட்டாக வைக்கின்றது. பேயைக் கண்டவர் ஒருவரும் இரார். கேட்டவரோ ஊர் முழுவதும் இருப்பர். இக்காலத்தில் ஒரே செய்தி ஐந்து குழுக்களிலிருந்து வருமாயின், அதற்கு ஐந்து சான்றுகள் உள்ளன என்று பலர் எண்ணுகின்றனர். ஐவரும் ஒருவரிடமிருந்தே பெற்றிருப்பின் சான்று ஒன்றே. அவ்வொருவரும் பொய்த்திருப்பின் சான்று ஒன்றும் இல்லை.

ஆராயாது நம்பியதால் விளைந்த கேட்டைச் சிலப்பதிகாரத்தைப்போல் எடுத்துரைக்கும் நூல் தமிழில் வேறில்லை. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், கோவலன் கையில் ஒரு சிலம்பைக் கண்டவுடன், தன் பழியை அவன்மேல் ஏற்றத் துணிந்தான். அவன் மன்னனை அணுகிய வேளை யாது? ஊடல்கொண்ட தேவியைத் தெளிவிக்க மன்னன் விரைந்து சென்றுகொண்டிருந்த வேளை. ஆராயும் அமைதி மன்னனிடம் இல்லாத நேரத்தைப் பார்த்தே அவன் சொல்லை விடுத்தான். அரசியின் காணாமற்போன சிலம்பு கிடைத்துவிட்டது என்னும் செய்தி அப்போது மன்னன் கேட்க விரும்பிய செய்தியாகவும் இருந்தது.

காவலர் சென்று கோவலனை நோக்கினர். இவன் தோற்றம் கள்வன் தோற்றமாக இல்லையே என்று ஐயுற்றனர். உண்மை வெளிப்படுதற்கு அது நல்வாய்ப்பு. ஆனால் பொற்கொல்லன் அவ்வையத்தை வளரவிடவில்லை. கள்வர் கையாளும் எட்டுவகைத் துணைகளை விரித்துரைத்தான். முன்னொரு கள்வன் செய்த வஞ்சத்தைக் கதையாகக் கூறினான். அவன் கூறியவற்றுள் ஒன்றேனும் கோவலனைப் பற்றியதா? இல்லை. கள்வர் என்னும் இனத்தைப் பற்றிய பேச்சால் ஒரு தனிமனிதனின் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதுபோல் தோன்றிவிட்டது. காவலருள் ஒருவன் தானும் கண்ட கள்வன் கதையைச் சொல்ல, அச்சமும் சினமும் மிகுந்தன, கல்லாத ஒருவன் வாளை வீசினான், கோவலன் மாண்டான்.

இவ்வளவிற்கும், உண்மையை அறிதற்குரிய கருவி அவர்கள் கண்முன்னேயே இருந்தது. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப்பரல். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப்பரல். சிலம்பை உடைத்துப் பார்த்திருப்பின் ஒரு நொடியில் வழக்கு முடிந்திருக்கும். கோவலன் இறந்தபின் கண்ணகி வந்து உடைத்த சிலம்பை, அவன் உயிரோடிருக்கும்போதே மன்னன் உடைத்திருக்கக் கூடாதா? ஆராய்ச்சி நிகழாமல் இல்லை, காலந்தாழ்ந்து நிகழ்ந்தது. அதுவே பாண்டியன் செய்த பிழை.

பொற்கொல்லன் கையாண்ட முறைகளையே இன்றைய பொய்ப்பரப்புரையும் கையாளுகின்றது. கேட்போன் அமைதியிழந்த வேளையை அது தேர்கின்றது. அவன் நம்ப விரும்புவதையே கூறுகின்றது. ஒருவன் செயலை ஓரினத்தின் இயல்பாக்குகின்றது. கதைகளை அடுக்கிச் சான்றின்மையை மறைக்கின்றது. 'இப்போதே செய்க' என்று விரைவுபடுத்துகின்றது. ஆகவே ஒரு செய்தி நம்மை அடைந்தவுடன் வினவத்தக்கவை சில உண்டு. இதனை முதலில் கூறியவர் யார்? அவர் நிகழ்ந்த இடத்தில் இருந்தாரா? இடமும் நாளும் குறிக்கப்பட்டுள்ளனவா? இதில் கூறாது விடப்பட்டது யாது? இது நம் உள்ளத்தில் எழுப்ப முயல்வது அறிவையா, அச்சத்தையா, சினத்தையா, பேராசையையா? நாம் இதனை நம்பினால் யாருக்கு ஆதாயம்? நாம் இதனை நம்பி உடனே செய்ய வேண்டுமென்று இது கேட்பது யாது? இவ்வினாக்களே நமக்கு வாய்த்த சிலம்புடைக்கும் கருவி.

பொய்யை மட்டும் கண்டு விலக்கினால் போதும் என்று எண்ணலாகாது. மெய்யான நிகழ்ச்சியும் தீய பரப்புரைக்குப் பயன்படக்கூடும். 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் காவிரிநீர் பற்றி உச்சநீதிமன்றம் ஆணையிட்டபோது, கர்நாடகத்தில் கிளர்ச்சி மூண்டது. பெங்களூரில் தமிழ் இளைஞர் ஒருவர் தாக்கப்பட்டார். அப்படம் தமிழ்நாட்டில் பரவியது. இராமேசுவரத்தில் கன்னட ஓட்டுநர் ஒருவர் தாக்கப்பட்டார். சென்னையில் கர்நாடகத்தவர் நடத்திய விடுதியொன்று தாக்கப்பட்டது. அப்படங்கள் கர்நாடகத்தில் பரவின. இவை நிகழ்ந்தவையே. ஆனால் ஒவ்வொரு பக்கத்தாரும் தம்மவர் அடிபட்ட படத்தையே மீண்டும் மீண்டும் கண்டனர். தம்மவர் அடித்த படத்தைக் காண விரும்பவில்லை. நால்வர் செய்த கொடுமை நாலு கோடி மக்களின் குணமாகக் கருதப்பட்டது. செப்டம்பர் 12-ஆம் நாள் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் தாங்கிய பேருந்துகளும் லாரிகளும் எரிக்கப்பட்டன. எல்லையில் போக்குவரத்து நின்றது. அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே, மூட்டைகளைச் சுமந்துகொண்டும் குழந்தைகளை ஏந்திக்கொண்டும் மக்கள் நடந்தே எல்லையைக் கடந்தனர். அவ்வாறு நடந்தவர்களுள் தமிழரும் இருந்தனர், கன்னடரும் இருந்தனர்.

இந்நிகழ்ச்சி ஓர் அரிய பாடத்தைக் கற்பிக்கின்றது. நம் எதிரியைப் பற்றிய செய்தியை ஆராய்வது எளிது. நம்மைச் சார்ந்த செய்தியை ஆராய்வதே அரிது. நம்மைப் பழிக்கும் செய்தி வரின் 'சான்று எங்கே?' என்று கேட்கின்றோம். பிறரைப் பழிக்கும் செய்தி வரின் அவ்வினா நாவில் எழுவதில்லை. 2023-இல் தமிழர்மேல் சுமத்தப்பட்ட பொய்யைக் கண்டு தமிழர் வருந்தினர், அது முறையே. வடநாட்டுத் தொழிலாளர் குற்றம் புரிவோர், உள்ளூரார் வேலையைப் பறிப்போர் என்று சான்றின்றி வரும் செய்திகளையும் அதே தராசில் இட்டு நிறுக்க வேண்டும். ஒருவனுக்கு ஒரு தராசும் மற்றொருவனுக்கு வேறொரு தராசும் வைப்பவன் வணிகனாயினும் அறிஞனாயினும் நடுவுநிலை உடையவன் ஆகான்.

இனி, பரப்புரை என்பது அச்சத்தையும் சினத்தையும் மட்டும் கருவியாகக் கொள்வதன்று. ஆசையைக் கருவியாகக் கொள்ளும் விளம்பரங்களும் உள. ஓசூர்ப் பகுதியில் நிலமனைகள் விற்போர் செய்யும் விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். 'ஓசூரில் விமான நிலையம் வருகின்றது. இன்றே மனை வாங்குக. நாளை விலை பன்மடங்காகும்' என்று ஒரு தாள் கூறுவதாகக் கொள்வோம். அதில் மெய் உண்டா? உண்டு. ஓசூரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளத்தக்க பன்னாட்டு விமான நிலையம் 2,000 ஏக்கரில் அமைக்கப்படும் என்று 2024-ஆம் ஆண்டு சூன் 27-ஆம் நாள் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அத்தாள் கூறாத மெய்யும் ஒன்றுண்டு. பெங்களூர் விமான நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டருக்குள், சில விலக்குகள் நீங்கலாக, 2033 வரை புதிய விமான நிலையம் அமைத்தலாகாது என்னும் ஒப்பந்தம் அவ்வறிவிப்பிற்கு முன்னரே இருந்தது. ஓசூர் அத்தொலைவிற்கு உட்பட்டது. அறிவிப்பு வேறு, அடித்தளம் இடுதல் வேறு, விமானம் பறத்தல் வேறு. இம்மூன்றையும் ஒன்றாக்கிக் காட்டுவது விளம்பரத்தின் திறம். பிரித்துக் காண்பது வாங்குவோனின் கடமை.

அங்கும் சிலம்பை உடைத்துப் பார்க்க வழியுண்டு. மனைக்குப் பட்டா உள்ளதா, வில்லங்கச் சான்று தெளிவாக உள்ளதா, நகர ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் பெற்றதா என்று பார்க்கலாம். 2016-ஆம் ஆண்டின் கட்டட மனைச் சட்டத்தின்படி பதிவு செய்யவேண்டிய மனைப்பிரிவாயின், விளம்பரத்திலேயே பதிவெண் இருத்தல் வேண்டும். பொன்னெழுத்தில் விலையைக் காட்டும் தாளில் அவ்வெண் இல்லையாயின், அத்தாளைப் பற்றி அறியவேண்டியதில் பாதியை அறிந்தாயிற்று. வாழ்நாள் முழுதும் ஷிப்டு வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை ஒரு வண்ணத்தாளை நம்பி இழப்பவனுக்கு, அவன் கற்ற கல்வி என்ன பயன் தந்தது?

இவ்வாறெல்லாம் கூறக்கேட்ட ஒருவன், 'அங்ஙனமாயின் எதையும் நம்பாதிருப்பதே நன்று' என்று முடிவு செய்யக்கூடும். அதுவும் பிழையே. எல்லாவற்றையும் நம்புவோன் பொய்யனுக்கு எளிதில் இரையாகின்றான். எதையும் நம்பாதோன் உண்மை வந்து கதவைத் தட்டும்போது திறக்க மறுக்கின்றான். முதல் உலகப்போர் நடந்தபோது, செருமானியர் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பு எடுக்கும் ஆலை நடத்துகின்றனர் என்னும் செய்தி 1917-இல் இங்கிலாந்து நாட்டு இதழ்களில் வெளிவந்தது. அதற்கு அடிப்படை இல்லை என்பது, 1925-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் அயலுறவு அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின் கூற்றால் வெளிப்பட்டது. பின்னர் இரண்டாம் உலகப்போரில் யூதர்கள் இலட்சக்கணக்கில் கொல்லப்படுகின்றனர் என்னும் மெய்ச்செய்தி வந்தபோது, முந்தைய பொய்யை நினைவிற்கொண்ட பலர் அதனையும் போர்க்காலக் கதையென்றே ஐயுற்றனர். ஒரு தலைமுறையின் பொய் அடுத்த தலைமுறையின் மெய்யைக் கொன்றது. பொய்யைப் பரப்புவோன் செய்யும் தீங்குகளுள் இதுவே பெரிது. உண்மையாகவே ஒரு தொழிலாளி தாக்கப்பட்டு முறையிடும் நாளில், 'இதுவும் அத்தகைய பொய்தானே' என்று உலகம் கைவிடுமாறு அவன் செய்துவிடுகின்றான்.

ஆகவே வேண்டுவது ஐயத்தில் நிலைத்திருத்தல் அன்று. ஐயத்தினின்று தெளிவிற்குச் செல்லுதல். திருக்குறளில் அறிவுடைமை என்னும் அதிகாரமும், தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரமும் தனித்தனியே அமைந்திருப்பது கருதத்தக்கது. முன்னையது சொல்லப்பட்ட பொருளை ஆராயும் அறிவைப் போற்றுகின்றது. பின்னையது ஆளை ஆராய்ந்து நம்பும் முறையைக் கூறுகின்றது. ஆராய்ந்தபின் நம்பத்தக்காரை நம்பாதிருத்தலும் குற்றமென்பது வள்ளுவர் கருத்து.

'ஆபத்து உண்மையாயின் ஆராய்ந்துகொண்டிருப்பது கேடன்றோ? உடனே பிறர்க்கு அறிவிப்பதன்றோ கடமை?' என்று வினவுவாரும் உளர். பொய்ச்செய்தியைப் பரப்பியவருள் பெரும்பாலோர் தீயவர் அல்லர். தம் சுற்றத்தார்க்கு நன்மை செய்வதாக எண்ணியவரே. ஆயினும் அந்நல்லெண்ணம் விளைத்தது யாது? கிருஷ்ணகிரிக்கு அண்டையிலுள்ள திருவண்ணாமலை மாவட்டத்தில், 2018-ஆம் ஆண்டு மே மாதம், குழந்தை கடத்துவோர் வந்துள்ளனர் என்னும் செய்தி வாட்ஸ்அப் வழியே பரவியிருந்தது. மே 9-ஆம் நாள், குலதெய்வ வழிபாட்டிற்காக உறவினருடன் சென்னையிலிருந்து காரில் வந்த மூதாட்டி ஒருவர், போளூர்ப் பகுதியில் வழியிலே கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அன்பினால் நீட்டிய அக்கையைக் கடத்தல்காரியின் கை என்று கருதிய கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. அவ்வாண்டு இந்தியாவின் பல பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தன. அதன் பின்னரே, ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்ப இயலாதவாறு அந்நிறுவனம் இந்தியாவில் வரையறை செய்தது.

அன்று உண்மையை அறிய எத்துணை நேரம் வேண்டியிருந்தது? 'அம்மா, நீங்கள் எந்த ஊர்? இங்கே யாரைக் காண வந்தீர்கள்?' என்று ஒருவர் அமைதியாகக் கேட்டு விடைபெறும் அளவே. ஆபத்து என்று ஐயம் தோன்றினால் காவல் நிலையத்திற்கு அறிவிக்கலாம். ஆராய்வதற்குப் பொறுப்பும் வசதியும் உடையவர் அங்கே உள்ளனர். அறியாத செய்தியை நூறுபேர்க்கு அனுப்புவது அறிவிப்பு ஆகாது. ஒரு செய்தியைப் பிறர்க்கு அனுப்பும்போது நாம் அதற்குப் பிணைநிற்கின்றோம். 'எனக்கு வந்ததை அனுப்பினேன்' என்பது, கள்ளநாணயத்தைக் கைமாற்றியவன் கூறும் விடைபோன்றது.

இவற்றையெல்லாம் அரசும் காவல்துறையும் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுதல் பொருந்தாது. 2012-ஆம் ஆண்டு ஆகத்தில் வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவர் என்னும் புரளி பெங்களூரில் பரவியபோது, ஆயிரக்கணக்கானோர் தம் வேலையையும் படிப்பையும் விட்டுக் கவுகாத்தி செல்லும் வண்டிகளில் ஏறினர். மத்திய அரசு, ஒருவர் ஒரு நாளில் ஐந்து குறுஞ்செய்திகளுக்குமேல் அனுப்பலாகாது என்று சில நாள் தடைவிதித்தது. தடை செய்தியின் வேகத்தைக் குறைத்தது. ஆனால் புறப்பட்ட வண்டி புறப்பட்டதே. சட்டம் பொய் பரவியபின்னரே வருகின்றது. பொய் நுழையும் வாயிலில் நிற்பவன் அதனைப் பெறுகின்ற மனிதன் ஒருவனே. அவன் விழித்திருந்தால் காவலன் பணி எளிதாகும்.

எல்லைப்புறத்து மாணவர்க்கு இவ்வகையில் ஒரு தனிப்பேறு உண்டு. தமிழொடு கன்னடமும் தெலுங்கும் கேட்டு வளர்பவர் அவர்கள். ஒரு மொழியில் வந்த செய்தி மற்றொரு மொழியில் எவ்வாறு கூறப்படுகின்றது என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர்களால் இயலும். தமிழ்ச் செய்தித்தாளில் காவிரி ஒருவகையாகவும், கன்னடச் செய்தித்தாளில் வேறுவகையாகவும் பேசப்படுவதை ஒரே மேசையில் வைத்துப் படிக்கலாம். இருவரும் ஒத்துக்கொள்ளும் செய்தி எது, வேறுபடும் இடம் எது, ஒருவர் கூறி மற்றவர் விடுத்தது எது என்று குறித்துப் பார்ப்பின், ஒரு மாலைப்பொழுதிலேயே பரப்புரையின் இயல்பு விளங்கிவிடும். அடுத்த வீட்டில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த குடும்பம் இருக்குமாயின், அவர்களைப் பற்றிய செய்தியை அவர்களிடமே கேட்டறியலாம். அண்டைவீட்டானை அறிந்தவனிடம் அவனைப் பற்றிய பொய் செல்லாது.

தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஒவ்வோர் உறுப்பும் வெளியே செல்லுமுன் தரச் சோதனைக்கு உட்படுகின்றது. அளவு சிறிது பிழைத்தாலும் அஃது ஒதுக்கப்படுகின்றது. ஏனெனில் பழுதுற்ற உறுப்பு வண்டியைக் கவிழ்க்கும், ஓட்டுவோன் உயிரைக் குடிக்கும் என்பதை அங்குள்ளோர் அறிவர். ஓர் இரும்புத் துண்டிற்கு இத்துணைக் கருத்துச் செலுத்தும் ஊர், மனிதர் உயிரைக் காக்கவும் அழிக்கவும் வல்ல சொல்லுக்கு அதனினும் குறைந்த கருத்துச் செலுத்துவது தகுமோ? கேட்டதை நிறுத்தி வைத்து, கண்டதைப் பிரித்துப் பார்த்து, சான்று வினவி, நம் பக்கத்தையும் அயலார் பக்கத்தையும் ஒரே கோலால் அளந்து, தெளிந்ததை மட்டும் பிறர்க்கு உரைக்கும் பழக்கம் இளமையிலேயே கைவரப்பெறுதல் வேண்டும். அவ்வாறு பழகியவர் வாழும் ஊரில், பல மொழி பேசும் மக்களும் அச்சமின்றிக் காலை வேலைக்குச் சென்று மாலை வீடு திரும்புவர்.